கல்லுக்கு அங்கிட்டு பிரியாணி

தன் ஊர் எந்த இடத்தில் முடிகிறது என்று அழகுமலையிடம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பான். பிறந்து வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற ஊர். கண்ணைக் கட்டி விட்டாலும் தன் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவான். ஆனால் அன்றைக்குப் பொழுது சாயும்போது அந்தக் கேள்விதான் வந்து அவன் கழுத்தைப் பிடித்தது. பதில் தெரியாமல் மனுஷன் முழித்த முழி இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வந்தேன். காலையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அழகுமலை புதுக்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரி வண்டிக்கு டிரைவர். ஊர் ஊராகப் போய் இலவச முகாம் போட்டு, கண்ணில் புரை விழுந்தவர்களை ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு வந்து, பார்வையோடு திரும்பக் கொண்டுபோய் விடுகிற வண்டி. நல்ல வேலை. சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், புண்ணியத்துக்குக் குறைவில்லை.

அந்தச் சித்திரையில் அவன் வலது கையில் மஞ்சள் கயிறு ஏறியிருந்தது. ஊரணிப்பட்டி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தான். அதற்கு என்ன சட்டம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். கறி மீன் வாயில் படக்கூடாது. அது எல்லைக்குள் வரவும் கூடாது. வீட்டுச் சாப்பாடு தவிர வேறு சாப்பாடு கிடையாது. இதில் ஒன்று பிசகினாலும் பூசாரி காப்பை அவிழ்த்துவிடுவார். அவ்வளவுதான், அந்த வருஷம் தீச்சட்டி எடுக்க முடியாது.

அழகுமலை எடுத்தே ஆகவேண்டும். அவன் மகள் காவ்யா கார்த்திகை மாதம் காய்ச்சலில் விழுந்து, நினைவு தப்பிக் கிடந்தாள். டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய அன்றைக்கு இவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஆத்தா, எம்புள்ளய எந்திரிக்க வச்சுரு, ஒனக்குத் தீச்சட்டி தூக்கிட்டு வாரேன்" என்று அழுதான். பிள்ளை எழுந்துவிட்டாள். இப்போது தெருவில் ஓடுகிறாள், பக்கத்து வீட்டுப் பையனைக் கடிக்கிறாள், எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. ஆனால் நேர்த்திக்கடன் பாக்கி நின்றது. அது தவறிவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பு அவனை நடுராத்திரியில் எழுப்பிவிடும்.

அன்றைக்கு முகாம் வல்லத்திராக்கோட்டையில், ஒரு பள்ளிக்கூடத்தில். ஆரம்பமே கோணல். விளம்பரம் செய்ய வேண்டிய மைக் ஆட்டோ வழியில் படுத்துவிட்டது. டாக்டர் ரீட்டா, நர்ஸ் செவந்தி, கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற கோபிநாத், மூன்று பேரும் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்தது ஒரே ஒரு தாத்தா, அவரும் பல்வலிக்கு மருந்து கேட்டார்.

அழகுமலை வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தே தெருவுக்குள் போனான். அவனுக்கு வெண்கலக் குரல். "கண்ணு தெரியாதவுக எல்லாம் கையப் புடிச்சுக்கிட்டு வாங்க! ஊசி கிடையாது! பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுல கொண்டாந்து விட்டுருவேன்! ஏ ஆத்தா, மருமகளைக் கேக்காத, அது வேணாம்னுதான் சொல்லும், நீ கெளம்பு!" ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூட வராந்தா கொள்ளவில்லை. களத்திலிருந்து, கடையிலிருந்து, நூறு நாள் வேலையிலிருந்து என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அதற்கப்புறம் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. செவந்தி சொட்டு மருந்து விட்டு விட்டு, "கண்ணத் தொறக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனாள். கோபிநாத் சுவரில் எழுத்து அட்டையை மாட்டிக்கொண்டு, "இது என்ன எழுத்து?" என்று கேட்டால், ஒரு பெரியவர், "அது தெரிஞ்சா நான் ஏன்டா மாடு மேய்க்கிறேன்?" என்றார். அழகுமலை வரிசையை நிறுத்தினான், தண்ணீர் கொடுத்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான், தடுமாறியவர்களைத் தோளில் தாங்கிக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தான். மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தில் பாதியைத் தின்பதற்குள் மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி தூக்குவாளியிலேயே கிடந்தது.

போன மாதம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு கிழவி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் அந்த டிரைவரா?"

"ஆமா ஆத்தா. என்னயத் தெரியுதா?"

"கொரலைக் கேட்டுட்டு நல்லா செவப்பா, வாட்டசாட்டமா இருப்பேன்னு நெனச்சேன். இம்புட்டுத்தானா?"

வராந்தாவே சிரித்தது. டாக்டர் ரீட்டா கூடச் சிரித்தார். சிரிக்கும்போது அவர் அழகுமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவனைக் குழப்பிய முதல் விஷயம்.

ரீட்டா ஆவூர்க்காரர். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் கடைசி ஆளையும் பார்த்து முடித்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அழகுமலை, இன்னைக்கு இந்த முகாம் நடந்ததே உங்களாலதான். எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போறோம். நீங்களும் எங்களோட."

நீங்களும் எங்களோட! அழகுமலைக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முகாம் நாளில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் டாக்டரும் மற்றவர்களும் உள்ளே மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் உட்காருவார்கள். அழகுமலை வெளியே, வண்டி தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் சாப்பிடுவான். வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது காரணம். அந்த வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? பெரிய எழுத்தில் ஆஸ்பத்திரி பெயர் போட்ட ஓட்டை வேன். யாரும் அவனைத் தனியாகச் சாப்பிடு என்று சொன்னதில்லை; உள்ளே வா என்றும் சொன்னதில்லை. பழைய டாக்டர் காலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது. அழகுமலை அதைப் பற்றி வருத்தப்பட்டதில்லை என்றுதான் வீட்டில் சொல்லுவான். பொய். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவனுக்கு அழைப்பு வந்தது, கையில் காப்போடு இருக்கிற நாளில்! ஏன் இன்றைக்கு? ஏன் திடீரென்று? வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்களா? நிறுத்துவதற்கு முன்னால் நல்லபடியாகச் சாப்பாடு போட்டு அனுப்புகிறார்களா? முகாமே இவனால்தான் நடந்தது என்றார்களே, அது பாராட்டா, கேலியா?

"இல்லீங்க மேடம். காப்புக் கட்டிருக்கேன். வெளக்கு வக்கிறதுக்குள்ள ஊருக்குள்ள போயிரணும்" என்றான்.

"எங்க உங்க ஊரு?"

"இந்தா, இங்கேருந்து மேக்க. போற வழிதான்."

"அப்ப உங்க ஊருக்கே வாரோம்."

எல்லாரும் ஊருக்குள் வந்து மோர்ச்சோறு சாப்பிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கோபிநாத் என்று ஒருவன் இருக்கிறானே! மேடம் வாயைத் திறந்ததுமே பைக்கை முறுக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், மட்டன் பிரியாணிப் பொட்டலங்களோடு திரும்பி வந்து நின்றான். "மேடம் ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் பூராக் கறி தொடலேல்ல, அதான்" என்று பெருமை வேறு. எல்லைக்குள் கறி ஆகாது என்று அழகுமலை சொன்னதும் செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். கோபிநாத் அசரவில்லை.

"இதுக்கு ஏண்ணே இம்புட்டுக் கவலை? ஊர் எல்லையில கல்லு இருக்கும்ல? கல்லுக்கு அங்கிட்டு நாங்க பிரியாணியோட, இங்கிட்டு நீங்க ஒங்க சோத்தோட. ஒங்க சட்டமும் நிக்கும், எங்க சாப்பாடும் நடக்கும்."

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். அழகுமலையும் சரியென்று தலையாட்டிவிட்டான். ஆசை, வேறென்ன.

ஊரணிப்பட்டிக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். அதைத் தாண்டிச் சாலையோரம் முழங்கால் உயரத்துக்கு எல்லைக்கல். அன்றைக்கு முகாமில் கட்டியிருந்த பிளெக்ஸை அவிழ்த்து வந்திருந்தார்கள். பெரிய கண் ஒன்று படம் போட்டது. அதையே கல்லுக்குப் பக்கத்தில் விரித்தார்கள். ஒரு பாதி கல்லுக்கு இந்தப்புறம், ஊர்ப் பக்கம்; மறுபாதி அந்தப்புறம், பாலத்துப் பக்கம். அழகுமலை இந்தப்புறம் கால் மடக்கி உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தான். அந்தப்புறம் மூன்று பேரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஊருக்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். கோயில் ரேடியோவில் பாட்டு ஓடியது.

செவந்தி தன் பிள்ளைகள் வீட்டில் அடிக்கிற கூத்தைச் சொன்னாள். கோபிநாத், தான் பவர் பார்க்கப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னான். அந்தப் பெண் இவன் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இவனைத் தெளிவாகப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அழகுமலை விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் பழைய டாக்டரின் குறட்டையை நடித்துக் காட்டினான். டாக்டர் ரீட்டாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே சிரித்தார். வெளியே நின்று கேட்ட சிரிப்பு இப்போது அழகுமலையைச் சுற்றி இருந்தது. இத்தனை வருஷத்தில் புளித்த தயிர்சாதம் அவனுக்கு இப்படி ருசித்ததே இல்லை.

அப்போதுதான் பூசாரி சோலையப்பன் டிவிஎஸ் வண்டியில் வந்து சேர்ந்தார். பின்னால் மலையாண்டி, அழகுமலைக்குப் பங்காளி முறை. வண்டி நின்றது. பூசாரி மூக்கை உறிஞ்சினார்.

"என்னப்பா இது, பிரியாணி வாசம்?"

"அவுக அங்கிட்டு இருக்காகய்யா. நான் கல்லுக்கு இங்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அழகுமலை எழுந்தான்.

"எந்தக் கல்லு? இதையா சொல்ற? இது ரோடு அகலப்படுத்தையில புடுங்கிப் போட்டுட்டு, பொறகு எவனோ இஷ்டத்துக்கு ஊண்டிட்டுப் போன கல்லுல்ல? பழைய கல்லு இருந்தது பாலத்துக்கு அங்கிட்டு. எல்லை அதுதான். அப்ப கறி எல்லைக்குள்ள வந்துருச்சு!"

அழகுமலை காப்புக் கட்டிய கையை மறு கையால் பொத்திக்கொண்டான்.

"அப்படி எல்லாம் இல்ல மாமா" என்றான் மலையாண்டி. இவன் காப்பாற்றப்போகிறான் என்றுதானே நினைப்பீர்கள்? "பழைய கல்லு இருந்தது உள்ளுக்க, அந்த வேப்ப மரத்துக்கிட்ட. நான் சின்னப் புள்ளயில அது மேல ஏறிக் குதிச்சிருக்கேன்."

"அப்ப கறி வெளியிலதானே இருக்கு?" என்றாள் செவந்தி ஆவலாக.

"கறி வெளியிலதான். அண்ணனும் வெளியிலதான இருக்காரு. வெளக்கு வச்சாச்சே!"

அடக் கடவுளே! எல்லை அந்தப்பக்கம் என்றால் கறி உள்ளே வந்த குற்றம். இந்தப்பக்கம் என்றால் இவன் வெளியே நின்ற குற்றம். பூசாரி பாலத்தைக் காட்டினார், மலையாண்டி வேப்ப மரத்தைக் காட்டினான், இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். கோபிநாத் தூரத்தில் நின்ற பச்சைப் பலகையைக் காட்டி, "ஊர்ப் பேரு அங்கதான எழுதியிருக்கு?" என்று மூன்றாவதாக ஓர் எல்லையைக் கொண்டுவந்து போட்டான். செவந்தி அவன் தொடையில் கிள்ளினாள். அழகுமலை ஒவ்வொரு கையும் காட்டுகிற திசையில் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நாற்பது வயது ஆம்பிளைக்குத் தான் ஊருக்குள் நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று தெரியவில்லை. காவ்யா கட்டிலில் துவண்டு கிடந்தது கண்ணுக்குள் வந்து நின்றது.

டாக்டர் போனை அணைத்தார். "பெரியவரே, எல்லை எங்க இருந்தா இவர் மேல குத்தம் இல்ல?"

பூசாரி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு இறங்கினார். கெட்டவர் இல்லை அவர். காவ்யா பிழைக்கவேண்டும் என்று அவரும்தான் திருநீறு மந்திரித்துக் கொடுத்தார்.

"இந்தக் கல்லே எல்லைன்னு வச்சுக்கிருவம்மா. ஊண்டினது ஊண்டினதா இருக்கட்டும். அப்ப நீங்க வெளிய, இவன் உள்ள. குத்தம் இல்லதான். ஆனா ஒண்ணு. தனித்தனியா ஒக்காந்து தின்னாத்தான் அந்தக் கணக்கு. ஒரே விரிப்புல, ஒரே பந்தியா ஒக்காந்து தின்னுட்டு நடுவுல எல்லைன்னா எப்படி? எல்லாரும் ஒண்ணா இருக்கிற எடத்துல எல்லை ஏது?" அவர் அழகுமலையின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. காப்புக் கையோட சொல்லு. இவுக கூட ஒண்ணா ஒக்காந்தியா, தனியா ஒக்காந்தியா?"

அழகுமலை வாயைத் திறந்தான். ஒண்ணா என்று சொன்னால் காப்புப் போகும், தீச்சட்டி போகும். தனியா என்று சொல்லலாம், ஒரு சொல்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் கிடைத்த அந்த 'ஒண்ணா'வை, அவர்கள் முகத்துக்கு நேரே எப்படி இல்லையென்று சொல்வது? அதுவும் காப்புக் கையோடு பொய்.

"தனியாத்தாங்க" என்றார் டாக்டர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அவர் எப்பவுமே தனியாத்தாங்க சாப்பிடுவாரு. நாங்க ஓட்டலுக்குள்ள இருப்போம், அவர் வெளிய வண்டிகிட்ட இருப்பாரு. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இன்னைக்கும் அப்படித்தான். ஒரே துணி, அவ்வளவுதான்." நன்றாக, தெளிவாக, டாக்டர் குரலில் ஆரம்பித்தார். பாதியில் அந்தக் குரல் கம்மிவிட்டது. தான் சொல்வது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது. செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். கோபிநாத் கையில் எடுத்த கறித்துண்டைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தான்.

பூசாரிக்கு நிம்மதி. "டாக்டரம்மா சொன்னாச் சரி. டிரைவர்கள எங்கயும் அப்படித்தான் வக்கிறது. குத்தம் இல்லப்பா, நீ பாட்டுக்குச் சாப்பிடு" என்றார். மலையாண்டி, "இருந்தாலும் அந்த வேப்ப மரத்துக்கிட்டதான் மாமா..." என்று ஆரம்பித்ததை டிவிஎஸ் சத்தம் அமுக்கிவிட்டது.

அழகுமலை தப்பித்துவிட்டான். காப்பு கையில் இருந்தது, தீச்சட்டி உறுதியாயிற்று. துள்ளிக் குதிக்கவேண்டியவன் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேடம் தனக்காகப் பொய் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லையே! தன் நேர்த்திக்கடனையும் பிள்ளையையும் காப்பாற்றியது தன்னை வெளியே நிறுத்திய அந்த ஓட்டல் வாசல்தான். அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கொசு என்று துடைத்துக்கொண்டான்.

டாக்டர் ரீட்டா தன் பொட்டலத்தைப் பிரித்தது பிரித்தபடியே கோபிநாத்தின் பக்கம் தள்ளினார். பாட்டில் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவினார். பிளெக்ஸிலிருந்து எழுந்து, செருப்பைப் போடாமல் கல்லுக்கு அருகில் வந்து நின்றார்.

"நான் இன்னும் அதுல கையே வைக்கல அழகுமலை. போன்தான் பேசிக்கிட்டிருந்தேன்." கல்லைக் காட்டினார். "நான் அங்கிட்டு வந்து ஒக்காரலாமா? இல்ல அதுலயும் எதுவும் தப்பு வருமா?"

அழகுமலை பாலத்தைப் பார்த்தான். இருட்டில் வேப்ப மரத்தைப் பார்த்தான். கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான்.

"தெரியலைங்க மேடம்" என்றான்.

தூக்குவாளியின் மூடியைக் கழுவி, மிச்சமிருந்த சோற்றில் பாதியை அதில் எடுத்து வைத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

"கொஞ்சம் புளிச்சிருக்கும். வாங்க, ஒக்காருங்க."